உவர்

திருவாரூர்க் கடைக்காரர் பையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்,
“ரெண்டும் பொட்டை. குட்டி போடாது, தைரியமா வளங்க.”
இருபத்தாறாம் நாள்
வடிகட்டிப் பஞ்சின் ஓரத்தில்
பதினேழு ஜோடிக் கண்கள்.

ஆண் இல்லாத தொட்டியில் இது எப்படி என்று
செல்வநாயகி என்னைப் பார்த்தாள்,
நான் ஏதோ செய்துவிட்டது போல.
அப்புறம்தான் தெரிந்தது:
ஒரு தடவை வாங்கியதை
மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்து
ஈற்றுக்கு ஈற்று எடுத்துக்கொள்ளுமாம் மோலி.
“கெட்டிக்காரி” என்றாள்.
பெற்ற கையோடு
பிள்ளையைத் துரத்தித் தின்னவும் செய்தாள் கெட்டிக்காரி.
வாய்க்காலில் வேலம்பாசி அள்ளி வந்து போட்டோம்,
ஒளிய.

முதலில் கேன் தண்ணீர்தான் ஊற்றினோம்,
முப்பது ரூபாய்க்கு, நாங்கள் குடிக்கிற அதே தண்ணீர்.
துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நடுங்கின,
போர்வைக்குள் காய்ச்சல்காரன் நடுங்குவதுபோல.

கொல்லையில் எங்கள் போர்த் தண்ணீர் இருக்கிறதே,
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
வாளி விளிம்பில் வெள்ளையாய்ப் படை கட்டும்.
கேன் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை
அதை ஊற்றினோம்.
மறுநாள் நடுக்கம் நின்றது.
மூன்றாம் நாள் கண்ணாடிப் பாசியைக்
கொத்திக் கொத்தி மேய்ந்தன.

தலைஞாயிற்றுக்கும் கிழக்கே எங்கள் ஊர்.
மேட்டூர் திறந்த சேதி பேப்பரில் வரும்,
தண்ணீர் வருவது வருஷத்தைப் பொறுத்தது.
கடல் மட்டும் தவறாமல் வருகிறது,
மண்ணுக்கு அடியில்.
பின்வேலிக்கு அந்தப் பக்கம்
காசிலிங்கத்தின் மூன்று மா.
நாற்றின் நுனி பழுத்து நிற்கும்போது
வேலியோரம் வந்து எட்டிப் பார்ப்பார்.
“இந்தத் தண்ணி இதுக்குப் புடிச்சிருக்குங்கிற?”
ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கண்ணாடிக்குள் பிறந்த ஆண்களுக்கு
முதுகில் பாய் விரியவே இல்லை.
இடம் போதாது என்றார்கள்.
வீடு கட்டியபோது செங்கல் நனைத்த
சிமென்ட் தொட்டியைக் கழுவி
அதில் விட்டோம்.
அடுத்த ஈற்றில் ஒருவன் வந்தான் பாருங்கள்,
தலையிலிருந்து வால்வரை ஒரே மடிப்பு,
ஓரத்தில் ஆரஞ்சு, நடுவில் புள்ளி புள்ளியாய்.
பெட்டையின் வழியை மறித்து
அதை அவன் நிமிர்த்தும் கணத்தில்
செல்வநாயகி ஒவ்வொரு தடவையும்
புடவைக் கடையில் நிற்கிறவள் மாதிரி
“ம்ம்” என்பாள்.

ஐப்பசிக் கடைசியில் புயல்.
நான் துணைமின் நிலையத்தில்.
காற்று எழும்புமுன் ஃபீடரை நிறுத்தியது
என் கைதான்.
டவர் சாவதற்குள் அவள் போன் வந்தது:
“காத்து மோட்டார் நின்னுடுச்சு.”
“நான்தான் நிறுத்தினேன்.”
“சரி” என்றாள்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினேன்.
பூவரச மரம் கூடத்துக்குள் தலை நீட்டிக் கிடந்தது.
கண்ணாடித் தொட்டிக்கு முன் நாற்காலி, செம்பு.
மொண்டு, ஒரு முழம் உயர்த்தி, ஊற்றி,
மொண்டு, உயர்த்தி, ஊற்றியே
இரண்டு இரவு காற்று கொடுத்திருக்கிறாள்.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
உள்ளே எல்லாமே இருந்தன,
நேற்றுப் பிறந்த எட்டும் சேர்த்து.
சிமென்ட் தொட்டியில்தான்
மழைத் தண்ணீர் விளிம்பு தொட்டு நின்றது,
மீன் ஒன்றில்லை.

அந்தப் போகம் காசிலிங்கம் நடவில்லை.
தை பிறந்து ஒருநாள்
வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்:
“ஏ மின்சாரம்,
ஒன் வெள்ளாமை
என் வயல்ல நிக்குது, வந்து பாரு.”

வலையோடு போனேன்.
கணுக்கால் ஆழம், சூடான உப்புத் தண்ணீர்,
அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ப்
பாய்கள் எழுந்து எழுந்து படிந்தன.
வரப்பில் இருவரும் நின்றோம்.
பீடியை அணைத்துவிட்டு
இன்னொன்று பற்றவைத்தார்.
நானும் வலையை விரிக்கவில்லை.